நானூற்றில் ஒரு மேடு

உத்தமபாளையம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள ஹேமாவதிக்கு,

பெங்களூரில் நீயும் வீட்டாரும் நலம்தானே? ஆண்டவன் உங்கள் யாரையும் படுக்கையில் போடாமல் காக்கட்டும். பெட்டியைப் பிரித்ததும் முதலில் மருந்துக் குப்பியை எடுத்து ஆய்வகப் பிரிட்ஜில் வை, பிறகு இதைப் படி. போனில் பேச முடியவில்லை. பகல் முழுக்க அம்மா பக்கத்திலேயே இருக்கிறேன். என் போனும் அவர் கையில்தான், பழைய போட்டோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அம்மாவுக்குச் சினைப்பைப் புற்று திரும்பியது உனக்குத் தெரியும். இந்த முறை டாக்டர் எழுதிக்கொடுத்தது நானோ மருந்து. கொழுப்பு உறைக்குள் மருந்தை அடைத்த துகள்கள், ஒவ்வொன்றும் தொண்ணூறு நானோமீட்டர். ஆறு வருஷமாக நீயும் நானும் நாமே செய்த துகள் அளக்கும் கருவியில் பிளாஸ்டிக் நுண்மணிகளைத் தண்ணீரில் கலந்து அளந்தோமே, அதே அளவுதான். தேனியில் கிடைக்காததால் வியாழக்கிழமை நானும் அத்தாவும் மதுரைக்குப் போய் வாங்கினோம்.

திரும்பும்போது உசிலம்பட்டியில் அத்தா காரை நிறுத்தச் சொன்னார். மருந்துக்கடையில் கொடுத்த ஐஸ் பை இந்த வெயிலுக்குத் தாங்காது என்று பதற்றம். மீன்கடையில் ஐஸ் வாங்கினார். கரையாமல் இருக்க அவர்கள் உப்பைத் தூவிக் கொடுத்தார்கள். அதைக் குப்பியைச் சுற்றி அவரே அடைத்துவிட்டு, "போதுமாம்மா?" என்று மகளிடம் கேட்டார். நான் உன் மெயிலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டினேன்.

உப்புப் போட்ட ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தவள் நான். மருந்தை உறைய விடக்கூடாது என்று அட்டையில் இருந்ததையும் படித்திருந்தேன்.

அன்று மாலையே ஆஸ்பத்திரியில் கொடுத்தபோது பார்வைக்கு வித்தியாசம் எதுவும் இல்லை. ஏற்றினார்கள். நடுவில் அம்மாவுக்கு முதுகு வலித்து மூச்சு முட்டியது. நர்ஸ் சொட்டைக் குறைத்ததும் அடங்கியது. குப்பியில் மிஞ்சியதைக் கேட்டு வாங்கிவந்தேன். சந்தேகத்தால் அல்ல, ஹேமா. நம் கருவிக்கு முதல் முறையாக ஒரு நிஜ மருந்து கிடைத்த சந்தோஷத்தில்.

கருவியை அத்தாவின் ஏலக்காய்க் குடோனில் கல்பலகை மேல் வைத்திருக்கிறேன். குமுளிக்குப் போகும் ஜீப் ஒன்று கடந்தாலே திரையில் கோடு நடுங்கும். அதனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில், தெரு அடங்கியபிறகு, மிஞ்சிய மருந்தில் ஒரு துளியைத் தண்ணீரில் கலந்து வைத்து லேசரைப் போட்டேன். திரையில் தொண்ணூற்றில் ஒரு மேடு எழுந்தது. நானூற்றிலும் ஒன்று எழுந்தது. தூசியாக இருக்குமோ என்று தண்ணீரை மறுபடி வடிகட்டி மூன்று தடவை அளந்தேன். மணிகளைப் போட்டுச் சரிபார்த்தேன், அவை சரியாகவே வந்தன. நானூறு மட்டும் போகவில்லை. உறைந்து இளகியதில் துகள்கள் ஒட்டித் திரண்டிருக்கின்றன.

நேற்று டாக்டரிடம் அதைக் காட்டி, உப்பு ஐஸையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "இது சர்டிபிகேட் வாங்குன மிஷினாம்மா?" என்றார். இல்லை என்றேன். "சரி, அது சொல்றது நெசம்னே வைங்க. உள்ள போனதத் திரும்ப எடுக்க முடியாதுல்ல" என்றார். காய்ச்சல் வந்தால் உடனே அழைத்துவரச் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. அதற்கு மேல் எனக்கும் ஒன்றும் தெரியாது. திரண்ட துகள் எவ்வளவு பெரியது என்று என்னால் சொல்ல முடியும். அது இப்போது அம்மாவின் நுரையீரலில் அடைத்து நிற்கிறதா, ஈரலில் கரைகிறதா என்று சொல்ல முடியாது. அம்மாவுக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று காலையிலிருந்து லேசாகக் காய்ச்சல் அடிக்கிறது. இதைக் கூரியரில் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறோம். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அம்மா, "மருந்து சூடாயிரக் கூடாதுன்னு இவுக ஐஸ அள்ளி அள்ளி வச்சுல்ல கொண்டாந்தாக" என்று சொல்கிறார். அத்தா கூச்சத்தோடு சிரிக்கிறார். அந்த முகத்திடம் நான் என்ன சொல்வேன்?

குப்பியில் இரண்டு மில்லி இருக்கிறது. அங்குள்ள பெரிய கருவியில் போட்டுப் பார். நம் கருவி தோற்க வேண்டும் என்று ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். லேசர் கோணம் தப்பாக இருக்கட்டும், நாம் எழுதிய நிரலில் பிழை இருக்கட்டும், ஆறு வருஷமும் வீணாகப் போகட்டும். ஆனால் எனக்காகப் பொய் எழுதிவிடாதே. நானூறு வந்தால் நானூறு என்றே எழுது. எழுதுவதற்கு முன் மட்டும், மருந்தை ஊற்றி அளக்கும் கண்ணாடிக் குவளையை இன்னொரு தடவை கழுவிப் பார், ஹேமா.

உன்,
ஹுஸ்னா