இருபத்தொரு முகங்கள்

மார்ச் 4

காலையில் எங்கள் அருங்காட்சியகத்தில் பெட்டிகள் வந்திறங்கின. ஓவியர் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சுவரில் சாய்த்து வைத்தார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் படகு கவிழ்ந்து போனவர்களின் முகங்கள். எண்ணினேன், இருபத்தொன்று. மறுபடி எண்ணினேன். செத்தது இருபத்திரண்டு பேர் — படகை ஓட்டிய என் வீட்டுக்காரரையும் சேர்த்து.

மார்ச் 5

அவர் படம் ஏன் இல்லை என்று காப்பாட்சியரிடம் கேட்டே விட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பேசிப் பார்த்தேம்மா. அந்தப் படம் இருந்தா உள்ளயே வரமாட்டோம்னு மத்த குடும்பங்க சொல்லிட்டாங்க."

அவர்களைச் சொல்லி என்ன? பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள். ஆனால் படகு கவிழ்ந்த அன்று காலையில் என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டுத்தானே போனார் — "இருபது பேர் போற படகுல நாப்பது பேரை ஏத்தச் சொல்றார் முதலாளி. மாட்டேன்னா நாளைக்கே வேற ஆளு." விசாரணையில் இதைச் சொன்னேன். எழுதிக்கூடக் கொள்ளவில்லை.

மார்ச் 9

விளக்க அட்டைகளைத் தட்டச்சு செய்வது என் வேலை. கடைசியாக வாசல் பலகைக்கான வாசகம் வந்தது: 'ஓட்டுநரின் கவனக்குறைவால்…'

விரல் நகரவில்லை. "வேணும்னா நான் அடிச்சுக்கறேன்" என்றார் காப்பாட்சியர். வேண்டாம் என்று நானே அடித்தேன். ஒரு பிழைகூட இல்லை.

முடியாது என்று சொல்ல எனக்கு வாயில்லையா?

மார்ச் 10

"திறப்பு அன்னிக்கு லீவு போட்டுடும்மா" என்கிறாள் மகள். நுழைவுச்சீட்டு கொடுக்க வேறு ஆள் இல்லை.

மார்ச் 14

நல்ல கூட்டம். படங்களுக்கு முன்னால் நின்று அழுதார்கள். இரண்டு பிள்ளைகளை இழந்த தையல்காரம்மா என் பக்கம் திரும்பாமலே சீட்டை வாங்கிக்கொண்டு போனாள். எனக்கும் அழுகை வந்தது. யார் முன்னால் அழுவது?

மத்தியானம் வெளியூர்க்காரர் ஒருவர் பலகையைப் படித்துவிட்டு வந்தார். "அந்தப் படகுக்காரன் இந்த ஊர்தானா? குடும்பம் இருக்கா?"

"தெரியாதுங்க. எங்கயோ வெளியூர் ஆளுன்னு சொல்வாங்க."

நிமிர்ந்தால் மகள் நிற்கிறாள். எனக்குச் சாப்பாடு கொண்டு வந்திருக்கிறாள். டப்பாவை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஐயோ, என் வாயிலயா அது வந்துச்சு? பாவி நான்.

மார்ச் 15

"கண்டபடி பேசிடுவாங்களோன்னு பயந்துட்டேன்டி."

"அப்பாவை அவங்க சுவத்துல மாட்டலை, அவ்வளவுதான். நீ ஊரை விட்டே அனுப்பிட்டியேம்மா."

மார்ச் 19

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் அவர் படம் இல்லை, ஆணி மட்டும் இருக்கிறது. மகள் தன் அறைக்குள் கொண்டுபோய் மாட்டியிருக்கிறாள், ஜன்னல் வழியே தெரிந்தது. கதவு சாத்தியிருந்தது. தட்டவில்லை. எந்த முகத்தோடு?