சிவப்புப் பொட்டு வைத்த ஃபியூஸ்

என் செல்ல அக்காவுக்கு,

நீ போன பிறகு உன் வீட்டுக்காரர் கரண்டு கார் வாங்கினார். வாரம் இரண்டு முறை அம்மாவை டயாலிசிஸுக்குக் கடலூர் கூட்டிப்போகத்தான். வாசலிலேயே சார்ஜர் மாட்டி, ஊரெல்லாம் பெருமையும் அடித்தாயிற்று. போன செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால், ராத்திரி முழுக்கச் செருகியிருந்த வண்டியில் கடலூர் போகக்கூடக் காணாத சார்ஜ். வீங்கிய காலோடு அம்மா பஸ்ஸில் போனாள்.

அப்புறம் வந்தார்கள் பார், மேதைகள்! கார் விற்றவன் போனில் இருக்கிற ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னான். காரை வாங்கிய மாமா சார்ஜர் முனையைத் துண்டால் துடைத்துவிட்டு, "வண்டிக்கு வெயிலு ஒத்துக்கலம்மா" என்றார். அது என்ன, கைக்குழந்தையா?

வயர்மேன் கதை இன்னும் மோசம். பழைய ஃபியூஸ் பெட்டியிலிருந்தே சார்ஜருக்கு லைன் இழுத்த புண்ணியவான் அவன்தான்.

"ஃபியூஸு கம்பி மெலிசா இருக்குதுக்கா. தடியா போட்டா சார்ஜு பிச்சிக்கிட்டு ஏறும்."

"தடியா போட்டா வூடுல்ல எரியும்? அப்புறம் ஃபியூஸு எதுக்குப்பா இருக்குது?"

பல்லைக் காட்டினான். பீங்கான் ஃபியூஸ் செய்து ஊர் ஊராக அனுப்புகிற விருத்தாசலத்தில் இவன் வயர்மேன்!

அவனை அனுப்பிவிட்டு, மெயினை அணைத்து, ஃபியூஸை நானே பிடுங்கினேன். ஒரு பக்கம் கருகியிருந்தது. ஃபியூஸ் கம்பெனியில் நீயும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து விரிசல் பார்க்கத் தட்டுவோமே, அப்படித் தட்டினேன். கணீரென்று கேட்கவில்லை. பீங்கானில் விரிசல். அதில் திருகு தளர்ந்து, சூடேறி, வோல்டேஜ் இறங்கி, சார்ஜர் தானாக வேகத்தைக் குறைத்திருக்கிறது. திருப்பினால், உள்பக்கம் சிவப்புப் பொட்டு.

கழித்த பீஸுக்கு நீ வைக்கிற பொட்டு, அக்கா. மயிரிழை விரிசலுக்கும் முதலாளியோடு மல்லுக்கு நின்றவள், கழித்ததைப் பொறுக்கி வந்து நம் வீட்டில் மாட்டினாயா? முகம் தெரியாதவன் வீட்டுக்கு நல்லது, நமக்கு இது போதுமா? நெஞ்சுவலியையும் இப்படித்தானே, "நமக்குச் சுக்குத் தண்ணி போதும்" என்று தள்ளித் தள்ளியே உயிரை விட்டாய்? அந்த மேதைகளைக்கூட மன்னித்துவிடுவேன். உன்னை முடியவில்லை.

பொட்டு யாருடையது என்று மாமாவிடம் சொல்லவில்லை. வேறு ஆளை வைத்துப் புதுப் பெட்டி, தனி லைன் போட்டாயிற்று. வெள்ளிக்கிழமை அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து கடலூர் போனாள்.

எனக்கும் கொஞ்ச நாளாக மாடி ஏறினால் நெஞ்சு அடைக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை அம்மாவோடு நானும் போய் டாக்டரிடம் காட்டுவேன். சுக்குத் தண்ணி குடிக்க மாட்டேன். உன்மேல் சத்தியம்.

உன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தங்கச்சி,
வாசுகி