கடைசியில் வைக்கப்பட்ட எலிகள்

உங்கள் பெயரை ஒரு பொய்யின் கீழே போட்டுவிட்டார்கள், அக்கா.

ஐஸ் போட இன்று காலை அந்த வெள்ளைப் பெட்டியைத் திறந்தேன். கிள்ளான் மீன் கடையில் நீங்கள் கேட்டு வாங்கி வந்தது. எவ்வளவு கழுவியும் வாடை போகவில்லை. "எலி மூளைக்கு இது போதும் லா. நம்ம மூளையையா வைக்கப் போறோம்?" என்று சிரித்தீர்கள்.

முதுமை, மூளையின் நொதிகளை என்ன செய்கிறது என்று அந்தப் பெட்டியை வைத்துத்தான் ஆராய்ந்தோம். இளம் எலிகள் கடிக்கும். கை சோர்வதற்குள் அவற்றின் மூளையை முதலில் எடுத்து ஐஸில் வைத்துவிடுவது நம் ஆய்வகத்து வழக்கம். வயதான எலிகள் கூண்டு மூலையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும். "கிழவன் எங்க ஓடப் போறான்?" என்பார் ஆய்வகத் தலைவர் டாக்டர். நானும் சிரிப்பேன். அவற்றின் முறை வரும்போது ஐஸ் பாதி தண்ணீராகியிருக்கும்.

குளிர் போனால் நொதி கெட்டு, அதன் வேகமும் போய்விடும். அதற்கு வயதாக வேண்டியதில்லை. நீங்கள்தான் கேட்டீர்கள்: "ரெண்டு கூட்டத்தையும் மாத்தி மாத்திக் கலந்து எடுப்போம், டாக்டர். இப்ப நாம அளக்கறது வயச இல்ல, ஐஸத்தான்."

"வயசான மூளை அப்படித்தாம்மா இருக்கும்," என்றார் அவர்.

வெளியே வந்து என்னிடம் சொன்னீர்கள்: "எங்கப்பாவும் கிளினிக்ல சத்தம் போட மாட்டாரு. அதான் எப்பவும் கடைசி."

அப்புறம் காப்பார் சாலையில் ஒரு லோரி உங்கள் மோட்டார் சைக்கிளை இடித்தது. அஞ்சலிக் கூட்டத்தில் நம் ஆய்வு முடிவைப் பெரிய தாளில் அச்சடித்து மாட்டியிருந்தார்கள். முதுமையில் நொதி குறைகிறது என்று கொட்டை எழுத்து. கீழே கறுப்புக் கட்டத்துக்குள் உங்கள் பெயர். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அந்தச் சத்தம் இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை.

உங்கள் அப்பா அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். போன ஞாயிறு வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். உங்கள் படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

"எனக்கு ஒண்ணும் புரியலம்மா. ஆனா பிள்ள செஞ்சது சரியாத்தான் இருக்கும், இல்ல?"

தலையாட்டினேன்.

இந்த ஊரில் சத்தம் போடாதவர்களைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். காத்திருந்தே அவர்கள் கெட்டுப்போனால், வயசாகிவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கோபமும் மீன் வாடை அடிக்கும் ஒரு பெட்டியும்தான்.

அதில் புது ஐஸை நிரப்பிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன். "கலந்து வச்சு மறுபடி செய்வோம், டாக்டர். இல்லன்னா அக்கா பேர எடுங்க."

அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பெட்டியிலிருந்து தண்ணீர் என் செருப்பில் சொட்டியது. இந்த முறை பக்கத்து அறைக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அக்கா பேர எடுங்க, டாக்டர்."