குறுக்காக உட்காரும் எஞ்சின்

தூத்துக்குடி
11.8.2025

அன்பு மகள் ரீனாவுக்கு,

மாமி எழுதுகிறேன். மாதாவின் பார்வை உன் மேல் இருக்கட்டும். ‘மகள்’ என்று எழுத எனக்கு இன்னும் உரிமை உண்டா என்று பேனாவை மூடிவைத்து யோசித்தேன். வேறு சொல் வரவில்லை. போனில் என் எண்ணை நிறுத்திவைத்திருக்கிறாய். அது நியாயம்தான். கடிதம் என்றால் மனம் வருகிற அன்றைக்குப் பிரிக்கலாம், வராவிட்டால் கிழித்துப் போடலாம்.

கொச்சியிலிருந்து நீ இரண்டு வரிதான் எழுதியிருந்தாய். அப்பாவின் காரை அனுப்பிவையுங்கள், ஏற்றுவதற்கு முன் நீங்களே பானட்டைத் திறந்து எண்ணெய் பார்த்துவிடுங்கள் என்று. ஞாயிறு பூசை முடிந்து வந்து ஷெட்டுக்குப் போனேன். உப்புக் காற்றில் கொக்கி இறுகிப்போயிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டுத் தட்டித்தான் திறந்தேன்.

நான் எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொன்னவள். எஞ்சின் எது, ரேடியேட்டர் எது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்றுமே இல்லாததைப் பார்த்தால் எனக்கும் தெரியும். இரண்டு பக்கமும் வயர்கள் தொங்க, நடுவில் சிமெண்டுத் தரை தெரிந்தது. எதிர்வீட்டுப் பூனை அங்கே குட்டி போட்டிருந்தது.

ஜாய்சன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“எஞ்சின் எங்கலே?”

“அது வித்தாச்சும்மா. சும்மா கெடந்து துருப்பிடிக்கதுக்கு எவனாவது ஓட்டட்டுமேன்னு குடுத்தேன்.”

“யாரக் கேட்டுக் குடுத்த?”

“நம்ம வீட்டுல நிக்குத வண்டிக்கு யாரக் கேக்கணும்? கொழம்பு ஊத்துங்க, ஆறிப்போகுது.”

நான் ஊற்றினேன் ரீனா. அதைத்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கை தானாக ஊற்றியது.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். இந்தக் கல்யாணம் செல்லாது என்று தீர்ப்புக் கேட்டு நீ ஆயர் இல்லத்தில் மனுக் கொடுத்திருக்கிறாய் அல்லவா, அதற்கு அவன் எழுதிய பதிலில், ‘என் மனைவி காரணமின்றிப் போய்விட்டாள், அவள் தகப்பனார் தந்த காரைக்கூட இன்றுவரை பேணிக் காத்து வருகிறேன்’ என்று ஒரு வரி உண்டு. அவன் ‘பாதுகாப்பா வச்சிருக்கேன்’ என்றுதான் எழுதியிருந்தான். ‘பேணிக் காத்து’ என்று திருத்திக் கொடுத்தவள் நான்.

வண்டியை இப்படி அனுப்ப மாட்டேன். எங்கள் அம்மா வீட்டில், இரவல் வாங்கிய குடத்தைத் திருப்பிக் கொடுத்தால் தண்ணீர் நிரப்பித்தான் கொடுப்பார்கள். உன் அப்பா செபாஸ்டின் கப்பலில் வேலை பார்த்தபோது அந்த வண்டியைச் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தவர். உன் கல்யாணத்தன்று அவரே ஓட்டிவந்து கோயில் வாசலில் நிறுத்தினார். அது ஓடி வந்தது, ஓடித்தான் திரும்ப வேண்டும். அதற்கு எந்த எஞ்சின் பொருந்தும்? சின்ன வயதில் அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள் நீ. உனக்குத் தெரிந்திருக்கும்.

உன் மாமி,
பிளாரன்ஸ்


கொச்சி
19.8.2025

மாமிக்கு,

கடிதம் கிடைத்தது. எஞ்சின் தேட வேண்டாம். வண்டி எப்படி நிற்கிறதோ அப்படியே லாரியில் ஏற்றிவிடுங்கள். பூனைக்குட்டிகளை மட்டும் இறக்கிவிடுங்கள்.

ரீனா


தூத்துக்குடி
30.8.2025

அன்பு மகள் ரீனாவுக்கு,

உன் பேச்சைக் கேட்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. எஞ்சின் கிடைத்துவிட்டது!

மூன்றாம் மைலில் ஷெட் வைத்திருக்கிற மாரிராஜைக் கூட்டிவந்து காட்டினேன். உன் அப்பா வண்டிப் பெட்டியில் வைத்திருந்த புத்தகத்தில் எஞ்சின் குறியீடு 3எஸ் என்று இருந்தது. மாரிராஜ் சென்னையில் பழைய ஜப்பான் எஞ்சின் விற்கிற கடைகளுக்கெல்லாம் போன் போட்டான். இரண்டாவது கடையிலேயே அதே 3எஸ் இருக்கிறது என்றார்கள். எண் அடித்திருக்கும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். ஒரு புள்ளி மாறவில்லை.

“நம்பரு ஒண்ணுதான டீச்சர், கண்ண மூடிட்டு எறக்கிரலாம்” என்றான் மாரிராஜ். எனக்கும் அப்படியே பட்டது. விடைத்தாளின் எண்ணும் ஹால் டிக்கெட்டின் எண்ணும் ஒன்றானால் பிள்ளை ஒன்றுதானே.

முன்பணம் அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை பார்சல் லாரியில் ஏற்றுவார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

ஆயர் இல்லத்திலிருந்து எனக்கும் தாள் வந்திருக்கிறது. அக்டோபர் கடைசியில் சாட்சியாக வர வேண்டுமாம். ஜாய்சன் அதைப் படித்துவிட்டு, “என்ன கேப்பாங்கன்னு நான் சொல்லித் தாரேன், அதையே சொன்னாப் போதும்” என்றான். நான் தாளை வாங்கி மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

மாமி,
பிளாரன்ஸ்


கொச்சி
6.9.2025

மாமிக்கு,

விரைவுத் தபாலில் போடுகிறேன், நேரத்துக்கு வந்தால் சரி. அந்த எஞ்சின் எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று கேளுங்கள். எண்ணைப் பார்த்து வாங்கக் கூடாது.

அதே 3எஸ் எஞ்சினை ஒரு ஜப்பான் வேனிலும் வைத்திருந்தார்கள். வேனில் அது நீளவாக்கில் உட்காரும். பின் சக்கரத்தை ஓட்டும். நம் வண்டியில் குறுக்குவாக்கில் உட்காரும். முன் சக்கரத்தை ஓட்டும். உள்ளே பிஸ்டன், வால்வு எல்லாம் ஒன்றுதான். ஆனால் அடியில் எண்ணெய்த் தொட்டியின் வடிவம் வேறு, தாங்கிப் பிடிக்கிற மவுண்டிங் வேறு, காற்று உள்ளே போகிற குழாய் திரும்பும் பக்கம் வேறு. இறக்கினால் பானட் மூடாது, ஒரு போல்ட்டும் நேராக வராது.

வேன் எஞ்சின் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். முன் சக்கரம் ஓடுகிற நான்கு கதவுக் காரிலிருந்து எடுத்ததா என்று கேளுங்கள். நம் வண்டிக்குக் கதவு இரண்டுதான், ஆனால் அந்தக் கார்களிலும் இதே எஞ்சின் குறுக்காகத்தான் உட்காரும். எஞ்சினோடு அதன் கம்ப்யூட்டர் பெட்டியையும் வயரிங்கையும் சேர்த்தே தரச் சொல்லுங்கள். அதை அறுத்துவிட்டுத் தந்தால் மாதக்கணக்கில் வயரை ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஆட்டோமேட்டிக் காரின் எஞ்சினாக இருந்தால் ஃபிளைவீல், கிளட்ச் தனியாகத் தேட வேண்டும். நம்முடையது கையால் கியர் போடுகிற வண்டி. கியர்பாக்ஸ் ஷெட் மூலையில் சாக்குக்கடியில் கிடக்கும். அதையும் விற்காமல் இருந்தால்.

அப்பா சொல்வார்: கப்பலில் ஸ்பேர் கேட்டு எழுதும்போது பார்ட் நம்பரை மட்டும் எழுதினால் தப்பான பொருள் வரும், எந்த மிஷினில் எந்தப் பக்கம் உட்காருகிறது என்றும் எழுத வேண்டும் என்று. ஒருமுறை நடுக்கடலில் அவருக்கே தப்பாக வந்து, காகிதம் பறக்காமல் இருக்க மூன்றாம் இஞ்சினியர் அதை மேலே தூக்கி வைத்தாராம்.

நான் எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ரீனா


தூத்துக்குடி
22.9.2025

அன்பு மகள் ரீனாவுக்கு,

உன் கடிதம் வந்தபோது எஞ்சின் ஷெட் வாசலில் இறங்கியிருந்தது. கடைக்குப் போன் போட்டேன். “வேன்லேருந்துதான் மேடம். நீங்க நம்பர்தானே கேட்டீங்க” என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. கேட்டதைத் தந்தார்கள்.

மாரிராஜிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். தலையைச் சொறிந்தான். “ஏ ஆத்தாடி, இந்தப் புள்ள கொச்சில இருந்துக்கிட்டே என் ஷெட்டுக்குள்ள பாக்குதே!” என்றான். பிறகு டேப் வைத்து அளந்துவிட்டு அதைச் சுருட்டிப் பைக்குள் போட்டான். தெருவில் போகிறவர்களெல்லாம், “என்ன டீச்சர், கார் கம்பெனி ஆரம்பிச்சாச்சா?” என்றார்கள். சிரித்துக்கொண்டே நின்றேன். காது மட்டும் சுட்டது.

கடைக்காரர்கள் நல்லவர்கள், போக்குவரத்துச் செலவு நம்முடையது என்று மாற்றிக் கொடுக்கச் சம்மதித்தார்கள். இந்தமுறை நான் எண் கேட்கவில்லை. எந்த வண்டி, எத்தனை கதவு, எந்தச் சக்கரம் ஓடும், எஞ்சின் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்று கேட்டேன். வண்டியிலிருந்து கழற்றும் முன் எடுத்த படம் வேண்டும் என்றேன். அனுப்பினார்கள். குறுக்காகத்தான் இருக்கிறது. ஆட்டோமேட்டிக். ஃபிளைவீலுக்கு மாரிராஜ் கோயம்புத்தூரில் சொல்லியிருக்கிறான். கியர்பாக்ஸ் நீ சொன்ன இடத்தில் கிடந்தது.

அதைத்தான் கேட்கிறேன். நீ வீட்டைவிட்டுப் போகும்போது கார் சரியாக இருந்திருந்தால், கியர்பாக்ஸ் சாக்குக்கடியில் கிடக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும்?

மாமி,
பிளாரன்ஸ்


கொச்சி
1.10.2025

மாமிக்கு,

கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன்.

அப்பாவின் முப்பதாம் நாள் பூசைக்கு மணப்பாட்டுக்குப் போயிருந்தேனே, அப்போதுதான் ஜாய்சன் எஞ்சினைக் கழற்றியிருக்கிறான். திரும்பி வந்து, அப்பா ஞாபகத்தில் எண்ணெய் பார்ப்போம் என்று திறந்தேன். எஞ்சின் இல்லை, கியர்பாக்ஸ் மட்டும் மூலையில் சாக்குக்கடியில் கிடந்தது. நேராக உங்களிடம்தான் வந்தேன். நீங்கள் அரிசி களைந்துகொண்டிருந்தீர்கள். “மாமி, அவரு என் சாமானை எல்லாம்...” என்று தொடங்கினேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல், “கவராயத்துல ஒரு காலு தளந்துட்டா இன்னொரு காலத்தான் அழுத்திப் பிடிக்கணும்ளா, அப்பத்தான் வட்டம் வரும்” என்றீர்கள். அன்பாகத்தான் சொன்னீர்கள். நான் மீதியைச் சொல்லவில்லை. அவன் என் வளையலை எடுத்துக்கொண்டு போனபோதும் ஒரு உதாரணம் சொன்னீர்கள். அவன் கை ஓங்கியபோதும் ஒன்று சொன்னீர்கள்.

எனக்குக் கார் வேண்டியிருக்கவில்லை மாமி. கொச்சியில் அதை நிறுத்த இடம்கூடக் கிடையாது. நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், நீங்களே திறந்து பார்க்க வேண்டும் என்றுதான் அந்த இரண்டு வரி எழுதினேன். பார்த்ததும் வெட்கப்பட்டு இரண்டு நாள் அழுவீர்கள், அதோடு முடியும் என்று நினைத்தேன். நீங்கள் எஞ்சின் தேடிப் போவீர்கள் என்று நினைக்கவில்லை. இந்த வயதில் உங்களைத் தெருவில் நிறுத்தியது எனக்கு அவமானமாக இருக்கிறது.

சாட்சி சொல்ல நீங்கள் போக வேண்டாம். உடம்பு சரியில்லை என்று எழுதிவிடுங்கள். அவன் உங்களுக்கு ஒரே பிள்ளை. அதே வீட்டில், அவன் கூடத்தான் நீங்கள் இருந்தாக வேண்டும். உங்களிடம் அதை நான் கேட்க மாட்டேன்.

ரீனா


தூத்துக்குடி
3.11.2025

அன்பு மகள் ரீனாவுக்கு,

போய்விட்டு வந்தேன்.

சிறிய அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு சாமியார்கள், எழுதுவதற்கு ஒரு சிஸ்டர். என் மாணவி. எட்டாம் வகுப்பில் என்னிடம் அடி வாங்கியவள். எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். அவள் எழுதப்போகிறாள் என்றதும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். இந்த ஊரில் பாதிப் பேருக்கு நான் டீச்சர். நேர்மை என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவள்.

“உங்க மகன் மனைவி பொருளைப் பேணிக் காத்ததா எழுதியிருக்காரே, நீங்க அறிஞ்சவரைக்கும் அது உண்மையா?” என்று பெரிய சாமியார் கேட்டார்.

“ஒரு உதாரணம் சொல்லுதேன் சாமி” என்று ஆரம்பித்தேன். அப்புறம் நிறுத்திக்கொண்டேன். உன்னிடம் மூன்று முறை செய்ததை நாலாவது முறையும் செய்யப் பார்த்தேன். “இல்ல சாமி. பொய். அந்த வரியத் திருத்துனது நான்தான். அந்தப் புள்ள என்கிட்ட சொல்ல வந்துச்சு, நான் கேக்கல” என்றேன். எஞ்சின், வளையல், கை ஓங்கியது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கை ஓங்கிய அன்று சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதையும் சொன்னேன். அது உனக்கே தெரியாது. சிஸ்டர் தலை நிமிராமல் எழுதினாள். கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து ஜாய்சனிடமும் சொன்னேன். “பெத்த புள்ளயவா காட்டிக்குடுத்திய?” என்றான். “ஆமாலே” என்றேன். துணியை எடுத்துக்கொண்டு ஏரலில் ஒரு கூட்டாளி வீட்டுக்குப் போய்விட்டான். போகிறபோது சாப்பிட்டாயா என்று கேட்க வாய் வந்தது. கேட்டும்விட்டேன். இதிலும் எனக்கு வெட்கம்தான், ஆனால் மாற்ற முடியவில்லை.

எஞ்சின் உட்கார்ந்துவிட்டது. நாலு மவுண்டிங்கும் நேராக விழுந்தன. ஒரு பைப்பை மட்டும் நீளம் போதாமல் மாரிராஜ் மாற்றினான். வயரிங் உள்ளபடியே சேர்ந்தது. முதல் தடவை இருமியது, இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. மாரிராஜ் என்னை உட்காரவைத்துத் துறைமுகச் சாலையில் ஒரு சுற்றுப் போனான். கதவு இரண்டுதான், தரையில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. இறங்குவதற்குள் முழங்கால் போய்விட்டது.

எஞ்சின் எண் மாறியதை ஆர்.சி.யில் ஏற்ற வண்டியின் சொந்தக்காரி கையெழுத்து வேண்டுமாம். தாள்களை இதோடு வைத்திருக்கிறேன். நிறுத்த இடமில்லை என்றாயே. மணப்பாட்டில் உன் சித்தப்பா வீட்டில் விட்டுவிடச் சொல்லி மாரிராஜிடம் சாவியைக் கொடுத்திருக்கிறேன். லாரி வேண்டாம், அவனே ஓட்டிப்போகிறான். அப்புறம் வைத்துக்கொள்வதோ விற்பதோ உன் இஷ்டம். எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயர் இல்லத்தில், தீர்ப்பு உன் பக்கம் வந்தால் இந்தக் கல்யாணம் ஆரம்பத்திலிருந்தே இல்லாதது என்று ஆகும் என்றார்கள். அப்படியானால் நானும் உனக்கு மாமியாக இருந்ததே இல்லை. உனக்கு எழுத எனக்கு எந்த உறவுமுறையும் இருக்காது. அதனால்தான் இதை அவசரப்படாமல் எழுதினேன்.

காலைப் பூசையில் தினமும் உட்கார்ந்து, அந்தத் தீர்ப்பு சீக்கிரம் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிளாரன்ஸ்