ரஷ்ய ராசாவும் நாங்கள் சுட்ட வடையும்

அன்புத் தோழிக்கு,

இங்கே லண்டனில், இல்ஃபோர்ட் பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே புதிதாக ஒரு கிழக்கு ஐரோப்பியக் கடை திறந்திருக்கிறார்கள். இன்று காலை வேலைக்குப் போகும்போது அங்கிருந்து கறுப்புப் பாண் ரொட்டியின் புளித்த மணம் வந்தது. நின்றுவிட்டேன். ரஷ்யச் சனம் இந்தப் பாணுக்குத்தான் பனிக்குள் வரிசையில் நின்றது என்று சொல்லி, ஒருநாள் வேலையிடத்தில் எங்கள் எல்லோருக்கும் பிய்த்துத் தந்தீரே! "சீ, புளிக்குது" என்று நான் துப்ப, நீர் விழுந்து விழுந்து சிரித்தீர்.

சான்ட்விச் ஃபாக்டரியின் குளிர் அறையில் பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் நீர், இந்தப் பக்கம் நான். கவுன்சிலின் மாலை வகுப்பில் நீர் சரித்திரம் படிக்கச் சேர்ந்தபோது நான் விட்டேனா?

"உமக்கென்ன விசரே? பிள்ளையளின்ர படிப்பைப் பாராமல் செத்த ராசாவின்ர கதை ஏன்?"

நீர் அசையவில்லை. சான்ட்விச்சுக்கு வெள்ளரிக்காய் அடுக்கியபடியே, ரஷ்யப் புரட்சி ஏன் வந்தது என்று சொல்லுவீர்: காணி போதாத கமக்காரர், நெரிசலில் கிடந்த தொழிலாளர், வாய் திறந்தால் சிறை, முடியாத போர். என் காதில் பாதிதான் ஏறியது.

பிறகு எங்கள் தேநீர் இடைவேளையை வெட்டினார்கள். சூப்பவைசர்தான் பொல்லாதவன், பெரிய மனேஜருக்கு ஒன்றும் தெரியாது, மரியாதையாகச் சொன்னால் கேட்பார் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். பெரியவரிடம் வெறுங்கையோடு போகிற சனமா நாங்கள்? சேலை கட்டி, தட்டு நிறைய உளுந்து வடையும் முறுக்கும் கொண்டு போனோம். நீரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தீர். அவர் வடையை ருசித்துத் தின்றார். இன்னொன்றும் எடுத்தார். இடைவேளையை வெட்டச் சொன்னதே தான்தான் என்று சிரித்தபடி அனுப்பிவைத்தார்.

எனக்கு வெட்கமும் ஆத்திரமும் தாங்கவில்லை. உடை மாற்றும் அறையில் நீர் பக்கத்தில் வந்து இருந்தீர்.

"ரஷ்யாவில அந்தத் தொழிலாளரும் உப்பிடித்தான் போனவை. அதிகாரிமார்தான் கெட்டவை, ராசாவுக்கு எங்கட கஷ்டம் தெரியாது எண்டு நம்பி, சாமிப் படமும் ராசாவின்ர படமும் தூக்கிக்கொண்டு, பிள்ளைகுட்டியளோட அரண்மனைக்கு நடந்தவை. பட்டாளம் சுட்டுது."

"பசிதானே அவையளைக் கிளப்பினது?"

"பசி எப்பவும் இருந்தது. ராசா எங்கட ஆள் எண்ட நம்பிக்கை செத்ததுதான் புதுசு. பிறகு ராசா தானே போருக்குத் தலைமை தாங்கப் போனார். தோத்ததுக்குச் சாட்டுச் சொல்ல வேற ஆளில்லை. கடைசியா ஆலைப் பொம்பிளையள் வேலையை விட்டுட்டுப் பாண் கேட்டுத் தெருவுக்கு வந்தினம். பட்டாளமே இனிச் சுட ஏலாது எண்டிட்டுது. ராசாவின்ர ஆட்சி விழுந்துது."

போன குளிர்காலத்தில் நீர் கண்ணை மூடிவிட்டீர். என்னைத் தனியே விட்டதற்கு எனக்கு இன்னமும் உம்மேல் கோபம்தான். உமது இடத்தில் இப்போது வயிற்றில் பிள்ளையோடு ஓர் இளம்பெண் நிற்கிறாள். கழிவறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டும் என்று இந்தக் கிழமை மனேஜர் புதுச் சட்டம் போட்டார். நேற்று அவளை விடவில்லை. பாவம், எல்லோர் முன்னாலும் நனைந்துபோய் நின்று அழுதாள்.

இன்று மத்தியானம் கன்டீனில் ஒருத்தி, "திரும்பவும் ஏதும் செய்துகொண்டு போய்க் கேட்டுப் பாப்பமே?" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒரு வடையும் சுட மாட்டன்!"

கத்திவிட்டேன். பிறகு உமது ரஷ்யக் கதையைச் சொன்னேன். உம்மைப்போலச் சொல்ல வரவில்லை, ஆண்டுகளைக் குழப்பிவிட்டேன். ஆனாலும் கேட்டார்கள். நாளை பெல்ட் ஓடத் தொடங்கும்போது ஒருவரும் கை வைப்பதில்லை என்று முடிவெடுத்தோம். தன்னால் மற்றவர்களின் வேலை போகக்கூடாது என்று அந்தப் பெண் கெஞ்சினாள். "இது எங்கள் எல்லாருக்கும்தான், நீர் சும்மா இரும்" என்றேன்.

பயமாகத்தான் இருக்கிறது. உம்மிடம் கேட்டதில் என்னோடு இருப்பது ஒன்றே: மேலே நல்லவர் ஒருவர் இருக்கிறார் என்று இனி நான் காத்திருக்க மாட்டேன். இதைத் தொடக்கியது யார் என்று நாளை மனேஜர் கேட்பார்.

நான்தான் என்று சொல்லப் போகிறேன்.