தலையணை இல்லாத கட்டில்

அன்பு மனைவிக்கு,

முதலில் நல்ல செய்தி. நம் வாலு நன்றாக இருக்கிறாள், காய்ச்சல் இறங்கிவிட்டது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் படி.

சளிக்காய்ச்சல் என்று போனில் சொன்னேனே, அது பொய். கழுத்தை வளைக்க முடியாமல் அழுதாள். மூளைக்காய்ச்சலோ என்று சந்தேகப்பட்டு, முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். நீ நர்ஸ், உனக்கு விளக்க வேண்டாம். அவ்வளவு தூரத்தில் தனியாகக் கிடந்து துடிப்பாயே என்றுதான் மறைத்தேன். பயப்பட வேண்டிய ரகம் இல்லை, வைரஸ்தான், தானாக அடங்கிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த முடிவு வரும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வார்டு நர்ஸ் தலையணையை எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் மல்லாந்தே கிடக்கட்டும், அடிக்கடி தண்ணீர் கொடுங்கள் என்றார். நம் மகளா கிடப்பாள்? "நான் என்னப்பா கரப்பான்பூச்சியா?" என்று கேட்டாள். சிரிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கண்ணசந்துவிட்டேன். அதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். தலை பிளக்கிறது என்று அலறி, வாந்தியும் எடுத்தாள்.

நர்ஸ் ஓடி வந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மெல்ல ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக் கட்டு நனைந்திருக்கிறதா என்று பார்த்தார். கால்விரலை ஆட்டச் சொன்னார், ஆட்டினாள். வாயைத் துடைத்துவிட்டு, ஸ்ட்ரா வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தார். வெளிச்சம் கண்ணில் படாமல் திரையை இழுத்துவிட்டார். "படுத்தா வலி குறையும்டா கண்ணு, நீயே பாரேன்" என்றார். குறைந்தது.

அரைத்தூக்கத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "போகாதம்மா" என்றாள் நம் மகள். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "போகல" என்று அவளிடம் சொல்லிவிட்டு, டூட்டி முடிந்த பிறகும் அப்படியே நின்றார். கையெடுத்துக் கும்பிட வேண்டிய மனுஷி மேல் எனக்கு எரிச்சல் வந்தது. ஏன் என்று உனக்குத் தெரியும்.

நீயும் அங்கே யாரோ பெற்ற பிள்ளையின் கட்டிலருகே இப்படித்தான் நின்றுகொண்டிருப்பாய். அதைக் குறை சொல்லவில்லை. நான் ஓய்ந்துவிட்டேன், அவ்வளவுதான்.

வேலையை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கொள்ளவா என்று போன வாரம் கேட்டாய். உன் இஷ்டம் என்றேன். அந்தப் பதிலைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள், எங்கள் இருவருக்காகவும்.

உன்
வீட்டுக்காரன்