முந்நூற்றுப் பதினாறு அடிக்கட்டைகள்

காரைக்குடி
18.8.1995

கிறிஸ்டியின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் நலம். மஸ்கட் வெயிலில் மாதா உங்களுக்குத் துணையிருக்கட்டும். உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, தாமதத்துக்குக் கோபிக்க வேண்டாம். கிறிஸ்டிக்குக் காய்ச்சல், அப்புறம் காட்டு வேலை.

ஒக்கூர்ப் பக்கம் கண்மாய்க்கு மேற்கே உள்ள புறம்போக்குக் காடு அது. பட்டுப்போன மரம் நாற்பதை வெட்ட மட்டும்தான் காண்டிராக்டருக்கு அனுமதி. பச்சை மரமும் போகிறது என்று ஊரார் வழக்குப் போட்டார்கள். பார்த்து அறிக்கை தர, எனக்குத் தாவரவியல் எடுத்த சத்தியமூர்த்தி சாரைக் கோர்ட் நியமித்தது. அவர் என்னை உதவிக்குக் கூப்பிட்டார். விறகு பொறுக்கும் மாரீஸ்வரி வழி காட்டினாள்.

மூன்று நாளில் 316 அடிக்கட்டைகள். வீரை, உசில், பாலை. பாதிக்கு மேல் வெட்டுவாயில் இன்னும் ஈரம். எண்ணியதையே திரும்ப எண்ணாமலிருக்க ஒவ்வொன்றிலும் துணி கட்டினேன், தூரத்திலிருந்து தெரிய மஞ்சள் துணி. நாம் வேதக்காரர்கள், அது நேர்த்திக்கடன் நிறம் என்று எனக்கு உறைக்கவில்லை.

பத்து நாள் கழித்துச் சரிபார்க்கப் போனால் காடெல்லாம் மஞ்சள். எண்ணாத கட்டை, நிற்கிற மரம் எல்லாவற்றிலும் ஊர்ப்பெண்கள் நேர்ந்து கட்டியிருக்கிறார்கள். வெட்ட வந்த கூலியாட்கள் "சாமி மரத்துல கோடாலி வைக்க மாட்டோம்" என்று திரும்பிவிட்டார்களாம். உனக்குத் தெரியுமே, சொல்லக் கூடாதா என்று மாரீஸ்வரியைக் கேட்டேன். "நேர்த்தித் துணியான்னு பொம்பளைக கேட்டாக, சிரிச்சேன். அம்புட்டுத்தேன்" என்றாள்.

துணி எங்கள் அடையாளம் என்று அறிக்கையில் எழுதினால்தான் எண்ணிக்கையை நம்புவார்கள். எழுதினால் கூலியாட்களுக்குச் சாமி பயம் போய்விடும். கட்டியது நீ, நீயே முடிவு செய் என்றார் சார். மாரீஸ்வரி, "எழுதாதீகக்கா. தீர்ப்பு என்னைக்கோ வரும், கோடாலி நாளைக்கே வரும்" என்றாள்.

இடையில் காண்டிராக்டரின் ஆள் வீட்டுக்கு வந்தார். "புள்ளக்காரவுக, எதுக்கு அங்குட்டு அலையிறீக?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். கிறிஸ்டியின் பெயரையும் பால்வாடியையும் தெரிந்து வைத்திருந்தார். அவர் வைத்துவிட்டுப் போன பிஸ்கட்டை நான் பிரிக்கவில்லை. இப்போது பால்வாடி விடும்வரை வாசலிலேயே நிற்கிறேன். பயப்படாதீர்கள், வெயில் அதிகமில்லை.

நேற்று அந்த வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். துணி விஷயத்தில் மறைத்தது தெரிந்தால் 316 என்ற கணக்கும் பொய் என்றுவிடுவார்கள். மாரீஸ்வரியிடம் நானே போய்ச் சொன்னேன். "படிச்சவுக" என்றாள். அவ்வளவுதான். விறகைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

செப்டம்பர் நாலாம் தேதி வழக்கு வருகிறது. அன்றே தடை கிடைத்தால் மிச்சக் காடு தப்பும். உங்கள் பக்கத்தில் தேவாலயம் இருந்தால், அன்று காலை ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். பிள்ளைக்கா, காட்டுக்கா என்று கேட்டு எழுத வேண்டாம்.

உங்கள்
ஆரோக்கிய ஷீலா